தகவமைப்பு (உயிரியல்)

உயிரியலில் தகவமைப்பு என்பது, ஓர் உயிரினம் தான் வாழும் சூழலில் பிழைத்திருக்கவும் இனம்பெருக்கவும் துணை புரிகின்ற, இயற்கைத் தேர்வின் வழியாகப் பல தலைமுறைகளில் நிலைபெற்ற, மரபுவழியாகக் கடத்தப்படும் பண்பு ஆகும். அத்தகைய பண்பு உருவாகி நிலைபெறும் நிகழ்முறையும் இதே சொல்லால் குறிக்கப்படுகின்றது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இது இசைவாக்கம் என வழங்கப்படுகின்றது. சப்பாத்திக்கள்ளியின் முட்கள், அலையாத்தி மரங்களின் சுவாச வேர்கள், ஒட்டகத்தின் நீர்ச் சிக்கனம் ஆகியன பரவலாக அறியப்பட்ட எடுத்துக்காட்டுகள்.

பள்ளி அறிவியலில் தொடக்க வகுப்புகளிலேயே அறிமுகமாகும் இக்கருத்து, எளிதாகத் தோன்றினும் பெரிதும் பிழையாக விளங்கிக்கொள்ளப்படும் கருத்துகளுள் ஒன்றாகும். தகவமைவது தனியோர் உயிர் அன்று. ஓரிடத்தில் வாழ்ந்து தமக்குள் இனம்பெருக்கும் ஓரின உயிர்களின் தொகுதியாகிய இனக்கூட்டமே தலைமுறைகளினூடாகத் தகவமைகின்றது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் ஏன் பயனற்றுப் போகின்றன, விரைவாக மாறும் காலநிலையில் எவ்வினங்கள் அழியக்கூடும் என்பன போன்ற கேள்விகளுக்கு விடை காண இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்திருத்தல் தேவையாகும்.

சொல்லும் பொருளும்

தகவு என்பதற்குத் தகுதி, பொருத்தம் என்று பொருள். எனவே தகவமைப்பு என்பது பொருத்தமுற அமைந்த அமைப்பு எனப் பொருள்படும். இச்சொல் மூன்று வேறு பொருள்களில் பயன்படுத்தப்படுவதால் குழப்பம் நேர்கின்றது.

1. இனக்கூட்டத்தின் மரபுப் பண்புகள் தலைமுறைகளினூடாகச் சூழலுக்குப் பொருந்த மாறும் நிகழ்முறை.
2. அந்நிகழ்முறையின் விளைவாகக் கிடைத்த பண்பு.
3. தனி உயிர் ஒன்று தன் வாழ்நாளுக்குள் புதிய நிலைமைக்குப் பழகுவது.

முதல் இரண்டுமே படிவளர்ச்சி உயிரியல் கூறும் தகவமைப்பு ஆகும். மூன்றாவது பேச்சு வழக்கில் மட்டுமே தகவமைப்பு எனப்படுகின்றது. உயிரியலில் அது சூழலிணக்கம் என்று தனியே பிரித்துரைக்கப்படும்.

தமிழில் "விலங்குகள் தம்மைச் சூழலுக்கேற்பத் தகவமைத்துக்கொள்கின்றன" என்று எழுதுவது வழக்கம். இத்தொடரில் வரும் "கொள்" என்னும் துணைவினை, செயலைச் செய்தவரே தமக்காக அதைச் செய்தார் என்னும் பொருளைத் தருகின்றது. "வாழ்வதற்காக", "தப்பிப்பதற்காக" போன்ற நோக்கப் பொருள் தரும் சொற்களும் அவ்வாறே, விலங்கு எண்ணித் துணிந்து தன் உடலை மாற்றியது போன்ற தோற்றத்தை உண்டாக்குகின்றன. இவை சுருங்கச் சொல்லுதற்கு உதவினும், கற்பிக்குமிடத்தில் கவனத்துடன் கையாளப்பட வேண்டியவை.

சூழலிணக்கமும் தகவமைப்பும்

இவ்விரண்டிற்கும் இடையிலான வேறுபாட்டை உயர்ந்த மலைப்பகுதிகளில் வாழும் மனிதர்களிடம் தெளிவாகக் காணலாம்.

சமவெளியில் வாழும் ஒருவர் 4,000 மீட்டர் உயரமுள்ள இடத்திற்குச் சென்றால், அங்கு ஒவ்வொரு மூச்சிலும் அவருக்குக் கிடைக்கும் ஆக்சிசன் குறைகின்றது. உடனடியாக மூச்சு வேகமும் இதயத் துடிப்பும் கூடுகின்றன. அடுத்து வரும் நாட்களிலும் வாரங்களிலும் சிறுநீரகம் சுரக்கும் இயக்குநீர் ஒன்றின் தூண்டலால் குருதிச் சிவப்பணுக்களின் எண்ணிக்கை உயருகின்றது. அவர் சமவெளிக்குத் திரும்பினால் இம்மாற்றங்கள் மறைந்துவிடும். இவ்வாறு கூடிய சிவப்பணுக்களை அவர் தம் பிள்ளைகளுக்குக் கடத்துவதில்லை. இது சூழலிணக்கம் ஆகும்.

திபெத்திய மேட்டுநிலத்தில் பன்னூறு தலைமுறைகளாக வாழ்ந்து வருவோரின் நிலை வேறு. அவர்களுள் பெரும்பாலோரின் சிவப்பணுக்களும் ஈமோகுளோபினும் அதே உயரத்திற்குச் செல்லும் சமவெளியினருக்குக் கூடும் அளவுக்குக் கூடுவதில்லை. சிவப்பணுக்கள் மிகுந்தால் குருதி தடித்து, நாட்பட்ட மலைநோய் உண்டாகக்கூடும் என்பதால் இது நன்மையே. இ.பி.ஏ.எஸ்.1 என்னும் மரபணுவின் குறிப்பிட்ட ஒரு வடிவம் அவர்களிடையே மிகப் பரவலாக இருப்பதே இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்பது 2010 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகளில் தெரியவந்தது. அம்மரபணு வடிவம், அழிந்துபோன தெனிசோவா மனித இனத்தோடு ஏற்பட்ட கலப்பின் வழியாக வந்தது என 2014 ஆம் ஆண்டில் காட்டப்பட்டது. இது தகவமைப்பு ஆகும்.

சூழலுக்கு இணங்கும் திறன் தானும் ஒரு தகவமைப்பாக இருக்கலாம். பச்சோந்தி நிறம் மாறும் ஒவ்வொரு முறையும் படிவளர்ச்சி நிகழ்வதில்லை. ஆனால் நிறம் மாற்றும் திறனும், அதற்குத் தேவையான தோல் அணுக்களும் மரபுவழி வந்த தகவமைப்புகள். தொட்டவுடன் தொட்டாற்சிணுங்கியின் இலைகள் மூடிக்கொள்வதையும் இவ்வாறே பிரித்தறியலாம்.

தகவமைப்பு உருவாகும் விதம்

வரலாறு

உயிரினங்கள் தம் சூழலுக்கு வியப்புறும் வகையில் பொருந்தியிருப்பதைப் பண்டைக் காலந்தொட்டே மக்கள் கண்டு வந்துள்ளனர். இங்கிலாந்தைச் சேர்ந்த சமய அறிஞர் வில்லியம் பேலி, 1802 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், கடிகாரத்தைக் கண்டால் அதைச் செய்தவர் ஒருவர் உண்டு என்று அறிவது போல, உயிரினங்களின் அமைப்பும் படைத்தவரைக் காட்டுகின்றது என வாதிட்டார். பிரான்சு நாட்டு இயற்கையியலாளர் லாமார்க், 1809 ஆம் ஆண்டில், விலங்குகள் தம் தேவைக்கேற்ப உறுப்புகளைப் பயன்படுத்துவதால் அவை வளர்கின்றன என்றும், அவ்வாறு பெற்ற மாற்றம் வழித்தோன்றல்களுக்குச் செல்கின்றது என்றும் கூறினார்.

சார்லஸ் டார்வின், ஆல்ஃபிரட் ரசல் வாலேஸ் ஆகிய இருவரும் தனித்தனியே கண்டறிந்த இயற்கைத் தேர்வுக் கோட்பாடு, 1858 ஆம் ஆண்டு சூலை 1 அன்று இலண்டன் இலின்னேயக் கழகத்தில் ஒருங்கே வாசிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் டார்வினின் "உயிரினங்களின் தோற்றம்" நூல் வெளியாயிற்று.

மூன்று நிபந்தனைகள்

இயற்கைத் தேர்வு நிகழ்வதற்கு மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்.

1. வேறுபாடு: ஓர் இனக்கூட்டத்தின் உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் பண்புகளில் வேறுபட்டிருக்க வேண்டும்.
2. மரபு: அவ்வேறுபாடுகளுள் சிலவாவது பெற்றோரிடமிருந்து வழித்தோன்றல்களுக்குச் செல்ல வேண்டும்.
3. இனப்பெருக்க வேறுபாடு: சில பண்புகளைக் கொண்டோர், பிறரை விடக் கூடுதலான வழித்தோன்றல்களை விட்டுச்செல்ல வேண்டும்.

இம்மூன்றும் இருந்தால், நன்மை தரும் மரபணு வடிவங்கள் இனக்கூட்டத்தில் தலைமுறைதோறும் பெருகும். இதற்கு எவருடைய முயற்சியும் நோக்கமும் தேவையில்லை.

வேறுபாடுகளுக்கு மூலமாகிய சடுதி மாற்றங்கள் தேவையைப் பார்த்து வருவதில்லை. இதைக் காட்டும் எளிய ஆய்வு ஒன்றை எஸ்தர் இலெடர்பெர்க், யோசுவா இலெடர்பெர்க் இணையர் 1952 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். முதலில் மருந்து கலவாத வளர்தட்டு ஒன்றில் பாக்டீரியாக் குடியிருப்புகள் வளர்க்கப்பட்டன. பின்னர், வெல்வெட்டுத் துணி ஒன்றை அத்தட்டின் மேல் ஒற்றியெடுத்து, முத்திரை குத்துவது போல, இசுட்ரெப்டோமைசின் மருந்து கலந்த வேறு தட்டுகளில் அதைப் பதித்தனர். பெரும்பாலான பாக்டீரியாக்கள் மடிந்தன. பிழைத்த சில குடியிருப்புகள் எல்லாத் தட்டுகளிலும் ஒரே இடங்களில் காணப்பட்டன. மருந்தையே சந்தித்திராத முதல் தட்டில் அதே இடங்களுக்குரிய பாக்டீரியாக்களை எடுத்துச் சோதித்தபோது அவற்றிலும் எதிர்ப்புத் திறன் இருந்தது. எனவே எதிர்ப்புத் திறன் மருந்தினால் உண்டாகவில்லை. முன்பே சிலவற்றில் இருந்த அதனை மருந்து தேர்ந்தெடுத்தது.

வகைகள்

கற்றல் வசதிக்காகத் தகவமைப்புகள் மூன்றாகப் பகுக்கப்படுகின்றன.

அமைப்புசார் தகவமைப்பு: உடலின் வடிவம், உறுப்புகள், நிறம் ஆகியவற்றில் காணப்படுவது. எ.கா: வாத்தின் விரலிடைச் சவ்வு, இலைப்பூச்சியின் இலை போன்ற உடல்.

உடலியங்கியல்சார் தகவமைப்பு: உடலினுள் நிகழும் செயல்களில் காணப்படுவது. எ.கா: பாம்பின் நஞ்சு, பாலைவன எலிகளின் செறிந்த சிறுநீர்.

நடத்தைசார் தகவமைப்பு: மரபுவழி வந்த நடத்தைகளில் காணப்படுவது. எ.கா: பறவைகளின் வலசை, சிலந்தி வலை பின்னுதல்.

ஓர் உயிரினத்தின் வாழ்வில் இம்மூன்றும் இணைந்தே செயற்படுகின்றன.

சூழலும் தகவமைப்பும்: சில எடுத்துக்காட்டுகள்

வறண்ட நிலம்

ஒட்டகத்தின் திமிலில் இருப்பது கொழுப்பே; நீர் அன்று. ஒட்டகம் நீர்ப் பற்றாக்குறையைத் தாங்குவதன் காரணங்களை க்னட் சிமித்-நீல்சன் 1950களில் சகாராப் பாலைவனத்தில் மேற்கொண்ட ஆய்வுகள் விளக்கின. நீர் கிடைக்காத ஒட்டகத்தின் உடல் வெப்பநிலை, இரவில் ஏறத்தாழ 34 பாகை செல்சியசுக்கு இறங்கி, பகலில் 40 பாகைக்கு மேல் ஏறக்கூடும். மனிதருக்கு இது கடும் காய்ச்சல். ஒட்டகமோ பகல் வெப்பத்தை உடலில் தாங்கி, இரவின் குளிரில் வெளிவிடுகின்றது. இதனால் வியர்வையாக இழக்கவேண்டிய நீர் மிச்சமாகின்றது. உடல் எடையில் கால் பங்கு அளவு நீரை இழந்தும் அது உயிர் வாழும். அதன் சிவப்பணுக்கள் மற்றப் பாலூட்டிகளில் உள்ளவை போல் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக உள்ளன. நீண்ட தாகத்திற்குப் பின் ஒரே முறையில் பெருமளவு நீர் அருந்தினாலும் அவை வெடிப்பதில்லை.

சப்பாத்திக்கள்ளியில் இலைகள் முட்களாகத் திரிந்துள்ளன. இலை போல் தோன்றும் தட்டையான பச்சைப் பகுதி அதன் தண்டே ஆகும். அதுவே நீரைச் சேமித்து ஒளிச்சேர்க்கையும் செய்கின்றது. பெரும்பாலான தாவரங்கள் பகலில் இலைத்துளைகளைத் திறக்கும். இச்செடியோ இரவில் திறந்து, கார்பன்-டை-ஆக்சைடை அமிலமாக மாற்றிச் சேமித்து, பகலில் துளைகளை மூடிய நிலையிலேயே அதனைப் பயன்படுத்துகின்றது.

சப்பாத்திக்கள்ளியின் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். இந்தியாவில் இயற்கையாக வளரும் சதுரக்கள்ளியும் முட்களும் சதைப்பற்றுள்ள பச்சைத் தண்டும் கொண்டது. ஆயினும் இவை இரண்டும் நெருங்கிய உறவுடையன அல்ல. சதுரக்கள்ளியை ஒடித்தால் பால் வடியும். அது ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. சப்பாத்திக்கள்ளியில் அவ்வாறு பால் வடிவதில்லை. வெவ்வேறு கண்டங்களில், வெவ்வேறு மூதாதையரிடமிருந்து வந்த தாவரங்கள் ஒரே வகையான வறட்சியில் ஒத்த வடிவத்தை அடைந்துள்ளன. இது குவி படிவளர்ச்சி எனப்படும்.

கடலோரச் சேற்றுநிலம்

தமிழ்நாட்டில் கடலூர் மாவட்டத்திலுள்ள பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காடுகளில் வளரும் மரங்கள், உப்பு, காற்றில்லாச் சேறு, ஓயாத ஓதம் ஆகிய மூன்று இடர்களை ஒருங்கே எதிர்கொள்கின்றன. வெண்கண்டல் மரத்தின் கிடைவேர்களிலிருந்து பென்சில் போன்ற சுவாச வேர்கள் சேற்றுக்கு மேலே நீண்டு காற்றைப் பெறுகின்றன. உள்ளே சென்ற உப்பை அதன் இலைகளிலுள்ள சுரப்பிகள் வெளியேற்றுகின்றன. இலையின் மேல் உப்புப் படிகங்களைக் காணலாம். அருகில் வளரும் சுரபுன்னை, உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடுகின்றது. அதன் தாங்குவேர்கள் மரத்தை நிலைநிறுத்துகின்றன. அதன் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து நீண்ட நாற்றாகித் தாய்மரத்திலிருந்து விழுகின்றது. ஒரே சேற்றில் வளரும் இரு மரங்கள் ஒரே இடருக்கு இரு வேறு தீர்வுகளைக் கொண்டிருப்பது கவனிக்கத்தக்கது.

உயர்ந்த வான்வெளி

வரித்தலை வாத்து, மங்கோலியா, திபெத்து முதலான நடு ஆசிய நிலங்களில் இனம்பெருக்கிக் குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வலசை வருகின்றது. திருநெல்வேலி மாவட்டத்தின் கூந்தங்குளம் பறவைகள் காப்பகத்திலும் இதனைக் காணலாம். இமயமலையைக் கடக்கும் இப்பறவையின் ஈமோகுளோபின், சமவெளியில் வாழும் அதன் உறவினங்களின் ஈமோகுளோபினை விட ஆக்சிசனை வலுவாகப் பற்றும் தன்மை கொண்டது. பறத்தலுக்கான தசைகளில் குருதி நுண்குழல்களும் மிகுதியாக உள்ளன.

நேரில் காணப்பட்ட தகவமைப்புகள்

தகவமைப்பு பல இலட்சம் ஆண்டுகளில் மட்டுமே நிகழ்வது என்பது பொதுவான எண்ணம். மனிதரின் வாழ்நாளுக்குள் அளந்தறியப்பட்ட நிகழ்வுகளும் உள்ளன.

புள்ளி அந்துப்பூச்சி

பிஸ்டன் பெட்டுலேரியா என்னும் அந்துப்பூச்சி, வெண்ணிற உடலில் மிளகுத்தூள் தூவியது போன்ற கரும்புள்ளிகளைக் கொண்டது. இங்கிலாந்தின் மான்செசுட்டர் நகரில் 1848 ஆம் ஆண்டில் இதன் கரிய வடிவம் முதன்முதலில் பதிவு செய்யப்பட்டது. ஆலைப்புகையால் மரங்களிலிருந்த வெளிர்நிற லைக்கன்கள் அழிந்து மரப்பட்டைகள் கறுத்தன. 1895 ஆம் ஆண்டில் அந்நகரப் பகுதியில் ஏறத்தாழ 98 விழுக்காடு பூச்சிகள் கரியவையாக இருந்தன. 1956 ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்திற்குப் பின் புகை குறைந்தது. கரிய வடிவமும் படிப்படியாகக் குறைந்து அரிதாயிற்று.

பெர்னார்ட் கெட்டில்வெல் 1950களில் செய்த ஆய்வுகள், பறவைகள் எளிதில் கண்ணிற்படும் பூச்சிகளையே கூடுதலாகத் தின்றன எனக் காட்டின. பூச்சிகள் இயல்பாகத் தங்காத இடங்களில் அவர் அவற்றை வைத்தார் என்பன போன்ற குறைகள் பின்னர் சுட்டிக்காட்டப்பட்டன. அக்குறைகளைக் களைந்து மைக்கேல் மசேரஸ் கேம்பிரிட்சில் ஆறு ஆண்டுகள் 4,864 பூச்சிகளை விடுவித்து ஆராய்ந்தார். அவரது மறைவுக்குப் பின் 2012 ஆம் ஆண்டில் வெளியான முடிவுகள் பறவைகளின் பங்கை உறுதிப்படுத்தின. கரிய நிறத்திற்குக் காரணமான மரபணு மாற்றம் 2016 ஆம் ஆண்டில் இனங்காணப்பட்டது.

டார்வின் குருவிகள்

பீட்டர் கிராண்ட், ரோசுமேரி கிராண்ட் இணையர் 1973 ஆம் ஆண்டு முதல் கலாபகோசுத் தீவுக்கூட்டத்தின் டாஃப்னி மேசர் என்னும் சிறு தீவில் குருவிகளை வளையமிட்டு அளந்து வந்தனர். 1977 ஆம் ஆண்டில் கடும் வறட்சி ஏற்பட்டது. சிறிய மென்விதைகள் தீர்ந்துபோயின. நம் ஊர் நெருஞ்சிலின் பேரினத்தைச் சேர்ந்த ஒரு செடியின் கடினமான முள்விதைகளே மிஞ்சின. நடுத்தரத் தரைக்குருவிகளுள் ஏறத்தாழ 85 விழுக்காடு மறைந்தன. முள்விதையை உடைக்கத்தக்க தடித்த அலகுடையவை கூடுதலாகப் பிழைத்தன. அடுத்த தலைமுறையின் சராசரி அலகுத் தடிமன் முன்பிருந்ததை விட ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கூடியிருந்தது. 1982-83 எல் நினோ பெருமழைக்குப் பின் சிறுவிதைகள் பெருகியபோது, தேர்வின் திசை சிறிய அலகுகளுக்குச் சாதகமாகத் திரும்பியது.

இந்நிகழ்வில் எந்தவொரு குருவியின் அலகும் வறட்சிக்கேற்ப வளரவில்லை. சிறிய அலகுடையவை மடிந்ததால் சராசரி மாறியது.

நுண்ணுயிர்க்கொல்லி எதிர்ப்பு

மருந்து வேலை செய்யாதபோது "உடம்புக்கு மருந்து பழகிவிட்டது" என்று மக்கள் கூறுவதுண்டு. நுண்ணுயிர்க்கொல்லிகளைப் பொறுத்தவரை இது பிழை. மாறியது நோயாளியின் உடல் அன்று, பாக்டீரியாக்களின் இனக்கூட்டம். எதிர்ப்புத் திறனற்ற பாக்டீரியாக்கள் மருந்தால் மடிய, எதிர்ப்புத் திறன் கொண்ட சில பிழைத்துப் பெருகுகின்றன. எதிர்ப்பு மரபணுக்களைப் பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று கடத்தவும் வல்லன. ஆகையால், அம்மருந்தை ஒருபோதும் உட்கொள்ளாதவருக்கும் எதிர்ப்புத் திறன் கொண்ட பாக்டீரியாவால் நோய் வரலாம். பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945 ஆம் ஆண்டு தம் நோபல் உரையிலேயே, போதிய அளவின்றி மருந்தை உட்கொள்வதால் எதிர்ப்பு உருவாகும் என எச்சரித்தார். வைரசுகளால் வரும் சளிக்கு நுண்ணுயிர்க்கொல்லி உண்பதால் நோய் தீராது. எதிர்ப்புத் திறன் கொண்ட பாக்டீரியாக்கள் பெருகுவதற்கே அது வழிசெய்யும்.

தகவமைப்பின் எல்லைகள்

நிறைவின்மை

பொறியாளர் ஒருவர் வெற்றுத்தாளில் புதிய பொறியை வரையலாம். படிவளர்ச்சிக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் பொறியை நிறுத்தாமலேயே பகுதி பகுதியாக மாற்றுவது போல, முன்பிருந்த உடலமைப்பின் மீதே ஒவ்வொரு மாற்றமும் நிகழ வேண்டும். மூளையிலிருந்து குரல்வளைக்குச் செல்லும் நரம்புகளுள் ஒன்று, பாலூட்டிகளில் மார்பு வரை இறங்கி, இதயத்தின் அருகிலுள்ள தமனியைச் சுற்றி மீண்டும் மேலேறுகின்றது. ஒட்டகச்சிவிங்கியில் இந்நரம்பு பல மீட்டர் நீளமுடையது. முதுகெலும்பிகளின் கண்ணில் நரம்பிழைகள் விழித்திரையின் முன்புறமாகச் செல்வதால், அவை வெளியேறுமிடத்தில் குருட்டுப்புள்ளி உள்ளது. எண்காலியின் கண்ணில் அது இல்லை.

ஆதாயமும் இழப்பும்

ஒரு பண்பு ஒருங்கே நன்மையும் தீமையும் தரக்கூடும். அரிவாளணு மரபணுவின் ஒரு படியை மட்டும் பெற்றவருக்குக் கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்புக் கிடைப்பதை அந்தோணி அல்லிசன் 1954 ஆம் ஆண்டில் காட்டினார். இரு பெற்றோரிடமிருந்தும் அதனைப் பெற்றவருக்கோ கடுமையான குருதி நோய் உண்டாகின்றது. மலேரியா பரவலாக இருந்த பகுதிகளில் இம்மரபணு நிலைத்திருப்பதற்கு இதுவே காரணம். இந்தியாவில் இம்மரபணு, நீலகிரி மலையின் பழங்குடி மக்களிடையே 1952 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது.

எல்லாப் பண்புகளும் தகவமைப்புகள் அல்ல

குருதி சிவப்பாக இருப்பது ஈமோகுளோபினின் வேதியியல் தன்மையின் உடன்விளைவு. சிவப்பு நிறத்திற்காக அது தேர்ந்தெடுக்கப்படவில்லை. ஒவ்வொரு பண்புக்கும் ஒரு பயனைக் கற்பித்துக் கதை புனையும் போக்கினை இசுடீபன் சே கூல்டு, இரிச்சர்டு லெவோன்டின் ஆகியோர் 1979 ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில் கண்டித்தனர். ஒரு பயனுக்காக நிலைபெற்ற பண்பு பின்னர் வேறொன்றுக்கு உதவுவதும் உண்டு. பறக்க இயலாத தைனோசர்களுக்கும் இறகு போன்ற போர்வை இருந்ததை 1996 ஆம் ஆண்டு முதல் சீனாவில் கிடைத்து வரும் புதைபடிவங்கள் காட்டுகின்றன. எனவே இறகு முதலில் பறத்தலுக்கு என்று தோன்றியது அன்று.

மாறும் சூழல்

தகவமைப்பு கடந்தகாலச் சூழலின் விளைவு. சூழல் திடீரென மாறினால் அதே பண்பு கேடாக முடியலாம். மொரீசியசுத் தீவின் டோடோ பறவை, தரையில் வேட்டையாடும் பாலூட்டிகள் இல்லாத நிலத்தில் பறக்கும் திறனை இழந்தது. 16 ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுக்காரர்கள் வந்தபின், மனிதர்களாலும் அவர்களோடு வந்த விலங்குகளாலும் ஒரு நூற்றாண்டுக்குள் அது அற்றுப்போயிற்று.

வட அமெரிக்காவின் பனிமுயல் குளிர்காலத்தில் வெண்மையாகவும் கோடையில் பழுப்பாகவும் நிறம் மாறுகின்றது. பகற்பொழுதின் நீளமே இம்மாற்றத்தைத் தூண்டுகின்றது. புவி வெப்பமடைவதால் பனி மூடியிருக்கும் காலம் குறைந்து வர, பகற்பொழுதின் நீளம் மாறாதிருக்கின்றது. ஆகவே பழுப்பு நிலத்தில் வெள்ளை முயல் எளிதில் இரையாகின்றது. குளிர் குறைந்த சில மேற்குக் கரையோரப் பகுதிகளில் குளிர்காலத்திலும் பழுப்பாகவே இருக்கும் முயல்கள் உள்ளன. அதற்கான மரபணு வடிவம் வேறொரு முயலினத்தோடு நேர்ந்த கலப்பினால் வந்தது என 2018 ஆம் ஆண்டில் அறியப்பட்டது. இத்தகைய வேறுபாடு இனக்கூட்டத்தில் இருக்குமாயின் தேர்வு நிகழ வாய்ப்புண்டு. இல்லையெனில் தேர்ந்தெடுக்க எதுவும் இராது. உயிரினக் காப்பில் எண்ணிக்கையோடு மரபு வேறுபாட்டையும் காக்க வேண்டும் என வலியுறுத்தப்படுவது இதனாலேயே. தலைமுறைக் காலம் நீண்ட யானை போன்ற விலங்குகளும் மரங்களும், சில நாட்களில் பல தலைமுறைகளைக் காணும் நுண்ணுயிர்களைப் போல விரைந்து மாற இயலாது.

கற்பித்தல்

பரவலான தவறான கருத்துகள்

தேவை ஏற்பட்டால் மாற்றம் வரும்: தேவை மாற்றத்தை உண்டாக்குவதில்லை. தேவை இருந்தும் மாற்றம் வாராது அழிந்த இனங்கள் மிகப் பல.

வாழ்நாளில் பெற்ற மாற்றம் பிள்ளைகளுக்குச் செல்லும்: 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆகசுட்டு வைசுமான் பல தலைமுறை எலிகளின் வாலை வெட்டிப் பார்த்தார், குட்டிகள் முழு வாலுடனேயே பிறந்தன. எண்ணற்ற தலைமுறைகளாகக் காது குத்தி வந்தும் நம் குழந்தைகள் துளையில்லாக் காதுகளுடனேயே பிறப்பது இதற்கு எளிய சான்று.

வலிமையுள்ளதே வாழும்: உடல் வலிமை ஒன்றே தகுதி அன்று. கூடுதலான வழித்தோன்றல்களை விட்டுச்செல்ல உதவும் எப்பண்பும் தகுதியே. அது மறைந்திருத்தலாகவோ, பொறுத்திருத்தலாகவோ, கூட்டாக வாழ்தலாகவோ இருக்கலாம்.

தொடர்களைத் திருத்தி எழுதுதல்

மாணவர்களிடம் கீழ்வருவது போன்ற தொடரைத் தந்து திருத்தி எழுதச் செய்யலாம்.

தொடர்: "சப்பாத்திக்கள்ளி நீரிழப்பைத் தடுப்பதற்காகத் தன் இலைகளை முட்களாக மாற்றிக்கொண்டது."

திருத்தம்: "இதன் மூதாதையரிடையே, குறுகிய இலைகளைக் கொண்ட செடிகள் நீரைக் குறைவாக இழந்ததால், வறண்ட நிலத்தில் கூடுதலாகப் பிழைத்து விதைகளை விட்டுச்சென்றன. பல தலைமுறைகளில் இலைகள் முட்களாயின."

திருத்திய தொடர் நீளமானது. ஆனால் அதில் வேறுபாடு, மரபு, பிழைப்பு, காலம் ஆகிய நான்கும் இடம்பெறுகின்றன.

அலகு விளையாட்டு

செலவின்றி வகுப்பறையில் செய்யத்தக்க செயல்முறை ஒன்று கீழே தரப்படுகின்றது.

1. ஒரு தட்டில் மணலுடன் கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, கடுகு ஆகியவற்றைக் கலக்கவும். இவை உணவு.
2. மாணவர்களுக்குத் தேக்கரண்டி, சிறு இடுக்கி, துணிக்கவ்வி ஆகியவற்றைச் சம எண்ணிக்கையில் தரவும். இவை அலகுகள்.
3. ஒரு நிமிடத்தில் ஒவ்வொருவரும் எடுத்த விதைகளை எண்ணவும். பெரிய விதைக்குக் கூடுதல் மதிப்பெண் தரலாம்.
4. குறைவாக எடுத்தவர்கள் விலக வேண்டும். கூடுதலாக எடுத்தவரின் கருவி வகையையே பெற்று அவர்கள் அடுத்த தலைமுறையாக மீண்டும் சேரலாம்.
5. சில சுற்றுகளுக்குப் பின் கடலையை முற்றிலும் நீக்கி, வறட்சியைக் குறிக்கும் புதிய சூழலில் தொடரவும்.
6. ஒவ்வொரு சுற்றிலும் கருவிகளின் எண்ணிக்கையை வரைபடமாக்கவும்.

முடிவில் ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்வி: "எந்தக் கருவியாவது தன் வடிவத்தை மாற்றியதா?" இல்லை, அவற்றின் விகிதமே மாறியது. ஒரு வகைக் கருவி முற்றிலும் மறைந்தபின் சூழல் மீண்டும் மாறினால் என்னவாகும் என்பது அடுத்த கேள்வி. இவ்விளையாட்டில் புதிய வேறுபாடு எதுவும் தோன்றுவதில்லை என்பதனையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். இயற்கையில் சடுதி மாற்றங்களால் அவ்வப்போது புதிய "கருவிகள்" வந்து சேர்கின்றன. ஆனால் அவை வேண்டும்போது வருவதில்லை.

இவற்றையும் பார்க்கவும்

இயற்கைத் தேர்வு
படிவளர்ச்சி
சடுதி மாற்றம்
குவி படிவளர்ச்சி
அலையாத்திக் காடு
நுண்ணுயிர்க்கொல்லி எதிர்ப்பு